புகார் அக்கா எழுதிய அட்டைகள்

எங்கள் காப்பகத்தில் ஒவ்வொரு கூண்டின் மேலும் ஓர் அட்டை தொங்கும். உள்ளே இருப்பது நாயோ பூனையோ, அதைப் பற்றி நான்கு வரி. வளர்ப்பதற்கு எடுத்துப் போக வருகிறவர்கள் முதலில் அதைத்தான் படிப்பார்கள். பதினெட்டு வருடம் அந்த நான்கு வரிகளை எழுதியவன் நான். தடுப்பூசிப் பதிவேடு பார்ப்பதும், தொலைபேசி எடுப்பதும், தீவன மூட்டை வந்தால் கையெழுத்துப் போடுவதும்கூட என் வேலைதான். ஆனால் யாராவது என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், "எழுதறேன்" என்றுதான் சொல்வேன். காப்பகத்தின் தலைவியான டாக்டரம்மா என்னைக் 'கவிஞரே' என்று கூப்பிடுவார். வெகுநாள் வரை அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்பே உருவானவன். இவன் வாலாட்டினால் உங்கள் வாசலில் வசந்தம்." இது ஒரு நாய்க்கு எழுதியது. "பனித்துளிப் பார்வை, பால் வண்ண மேனி. இவள் வந்தால் உங்கள் வீடு அரண்மனை." இது ஒரு பூனைக்கு. அந்தப் பனித்துளி, குளிப்பாட்டப் போன இரண்டு பேரின் முன்கையைக் கோடு போட்ட நோட்டாக்கியிருந்தது. அதை அட்டையில் எழுத முடியுமா? கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் அவள் கோபக்காரி என்று வாசலில் பலகை மாட்டுவார்களா? அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

புகார் அக்கா முதலில் எங்களிடம் வந்தது பூனை வாங்கத்தான். ஐம்பத்தொரு வயது, தோளில் ஒரு பெரிய பை, மூக்கின் நுனியில் கண்ணாடி. முப்பத்தாறு கூண்டுகளின் அட்டைகளையும் ஒன்று விடாமல் படித்தார். மற்றவர்கள் கூண்டுக்குள் விரலை விட்டு 'ச்சு ச்சு' என்பார்கள். இவர் பத்திரப் பதிவுக்கு வந்தவர்போல் அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசிக் கூண்டு முடிந்ததும் நேராக என் மேசைக்கு வந்தார்.

"சார், இங்க இருக்கற எல்லாமே தங்கம்னு எழுதியிருக்கு."

"ஆமாங்க," என்றேன், வாயெல்லாம் பல்லாக.

"அப்புறம் ஏன் இங்க இருக்கு?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கூண்டு கழுவுகிறவரிடம் போய், "இருக்கறதுலயே யாரு ரொம்பத் தொல்லை?" என்று கேட்டார். அவர் யோசிக்காமல் பனித்துளியைக் காட்டினார். அக்கா அதைத்தான் எடுத்துக்கொண்டு போனார். நாளெல்லாம் தூங்கும், பக்கத்தில் போனால் அடிக்கும், என் பழைய மேனேஜர் மாதிரியே இருக்கு என்று அதற்கு மேனேஜர் என்றே பெயர் வைத்துவிட்டார். அந்தப் பூனை இன்றைக்கும் அவர் வீட்டில்தான் இருக்கிறது, இன்றைக்கும் அடிக்கிறது.

அவர் யார் என்பது மறுவாரம் தெரிந்தது. ஊரின் பெரிய மின்சாதனக் கடை ஒன்றில் இருபத்து மூன்று வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். விற்கிற இடத்தில் அல்ல. திருப்பிக் கொண்டுவருகிற இடத்தில். சுற்றாத ஃபேன், சுடாத இஸ்திரிப் பெட்டி, கத்துகிற மிக்ஸி எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். கூடவே கோபமும் வரும். ஒருவர் ஹீட்டரை மேசைமேல் போட்ட வேகத்தில் மேசை உடைந்ததாம். அக்கா உடைந்த மேசைமேலேயே படிவத்தை வைத்து எழுதி முடித்தாராம். கடைசியில் கடைக்காரர்கள் புகார் கேட்க ஒரு தொலைபேசி இயந்திரம் வாங்கினார்கள். 'புகாருக்கு எண் ஒன்றை அழுத்தவும்' என்று அது சொல்லத் தொடங்கிய மாதம் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

டாக்டரம்மாவுக்கு ஆள் தேவையாக இருந்தது. அக்காவுக்கு உட்கார ஒரு மேசை தேவையாக இருந்தது. இப்படித்தான் அவர் என் மேசைக்கு எதிர் மேசையில் வந்து உட்கார்ந்தார். என்னைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் முதல் நாளே எல்லோரும் 'புகார் அக்கா' என்று கூப்பிட, மூன்றாம் நாள் நானும் கூப்பிட்டுவிட்டேன்.

எங்கள் காப்பகத்தின் பெரிய வலி, எடுத்துப் போன பிராணிகள் திரும்பி வருவதுதான். இரண்டு வாரம் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் திருப்பித் தரலாம் என்பது ஏற்பாடு. மூன்றில் ஒன்று திரும்பி வந்துவிடும். கொண்டுவருகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு படிவத்தில் 'சூழ்நிலை சரியில்லை' என்று எழுதுவார்கள். நாங்களும் "பரவாயில்லைங்க" என்று சொல்லி வாங்கி வைப்போம். துருவிக் கேட்டால் அடுத்த தடவை எவரும் இங்கே வராமல் தெருவில் விட்டுவிடுவார்களோ என்று எங்களுக்குப் பயம். அதனால் கேட்காமல் இருப்பதையே ஒரு மரியாதையாக வைத்திருந்தோம்.

அக்கா அந்தப் படிவக் கட்டை எடுத்து ஒரு நாள் முழுக்கப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், நூத்துப் பதினாலு பேருக்கும் ஒரே சூழ்நிலையா? ஒரே ஊர்ல இப்படி ஒரு அதிசயமா?"

"மக்கள் சங்கடப்படுவாங்க அக்கா."

"சங்கடம் அவங்களுக்கு இல்ல, நமக்கு. கடையில ஒரு பொருள் திரும்பி வந்தா பத்துல எட்டு தடவை பொருள் மேல தப்பு இருக்காது. விக்கறப்ப சொன்ன விவரத்துல தப்பு இருக்கும். சத்தமே வராதுன்னு சொல்லி மிக்ஸிய வித்தா அது திரும்பத்தான் வரும். கத்தும், ஆனா கல்லையும் அரைக்கும்னு சொல்லி வித்தா வராது."

"நாயும் மிக்ஸியும் ஒண்ணா?"

"இல்ல. மிக்ஸிக்குத் திரும்பி வந்தா மனசு நோகாது."

அந்த ஒரு வார்த்தை எனக்குச் சுருக்கென்று பட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. டாக்டரம்மாவிடம் போய், அட்டை விஷயத்தில் அக்கா தலையிடுகிறார் என்று முறையிட்டேன். அவர் சிரித்துவிட்டு ஒரு மாதத்துக்குப் பத்துக் கூண்டு அக்காவுக்கு, மிச்சம் கவிஞருக்கு என்று பங்கு பிரித்துவிட்டார்.

அக்கா முதலில் ஒரு வாரம் எதையும் எழுதவில்லை. ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கூண்டுகளுக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்தார். குடையை விரித்துக் காட்டினார், பாத்திரத்தைத் தரையில் போட்டார், காய்கறிப் பையைப் பாதுகாப்பில்லாமல் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பிறகு எழுதத் தொடங்கினார். நல்லது ஒன்றுகூட இல்லை, எல்லாம் குறை.

"மடியில் உட்காராது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முறைக்கும். கோபம் இல்லை, முகமே அப்படி."

"அலமாரி மேல் இருப்பதைத் தள்ளிவிடும். தள்ளும் முன் உங்களை ஒரு தடவை பார்க்கும். அப்போது பிடித்தால் பிழைத்தீர்கள்."

"குறட்டை விடுவான். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் விடுகிறார் என்றால் யோசித்து எடுக்கவும்."

இந்தக் குறட்டை அட்டையைப் படித்துவிட்டு ஒரு தபால்காரர் மனைவி வயிறு வலிக்கச் சிரித்தார். கணவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து படிக்கவைத்தார். "இவர் விடறது எனக்குப் பழகிப்போச்சு, இன்னொண்ணு ஒண்ணும் பெருசில்ல," என்று அந்தக் கிழட்டு நாயை அன்றே கூட்டிப் போனார்கள். பதினொரு மாதம் எங்களிடம் இருந்த நாய். 'அனுபவம் கனிந்த அன்பன்' என்று நான் எழுதியபோது அதை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாதக் கடைசியில் அக்காவின் பத்தில் எட்டு போயிருந்தன, ஒன்றும் திரும்பவில்லை. என்னுடையதில் பதினொன்று போய் நான்கு திரும்பின. என் மூக்கு உடைந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

அப்போதுதான் மாவீரன் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தான்.

மாவீரன் என்பது நான் வைத்த பெயர். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும், நெஞ்சு மட்டும் அகலம். குடையைக் கண்டால் கூண்டின் மூலைக்குப் போய்விடுவான். எங்களிடம் இருந்தவரை அவனைப்போல் சாதுவான நாய் கிடையாது. கூண்டில் சத்தமே போடமாட்டான். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் பத்து நாளில் திரும்பி வருவான். ஒவ்வொரு முறை வரும்போதும் கொஞ்சம் சாப்பாடு குறையும், கொஞ்சம் வாலாட்டல் குறையும். மூன்றாம் முறை வந்தபோது கூண்டின் பின்சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிமிர்ந்த காது மட்டும் திரும்பியது.

காப்பகத்தில் ஒரு விதி உண்டு. மூன்று முறை திரும்பி வந்த பிராணியை மறுபடி யாருக்கும் தரக் கூடாது. பின்பக்கக் கொட்டகையில் வைத்துக் கடைசி வரை சோறு போட வேண்டும். பார்வையாளர்கள் அங்கே போக மாட்டார்கள். அப்போது அது காலியாக இருந்தது. ஒரு ஜீவனை எத்தனை தடவைதான் நம்பவைத்து ஏமாற்றுவது என்று நல்ல மனதோடு எழுதிய விதி அது. எழுதியது நான்தான்.

அக்கா விடவில்லை. டாக்டரம்மா முன்னால் ஒற்றைக் காலில் நின்றார்.

"அவனுக்கு ஒரு தடவகூட சரியான விவரத்தோட வாய்ப்பு கிடைக்கல டாக்டரம்மா. மூணும் சாரோட அட்டையில போனது. அத எப்படி அவன் கணக்குல சேக்கறது?"

"விதின்னா விதிதான்," என்றேன் நான்.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை. அதுலயும் திரும்பி வந்தா கொட்டகைதான். அதோட குறை எழுதற வேலையையும் நிறுத்திக்கலாம், பழையபடி கவிஞரே எழுதட்டும். சரியா?"

"சரி," என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கம்மியது. எனக்கு அது கேட்டது.

அன்று மத்தியானமே அவர், மாவீரனை எடுத்துப் போய்த் திருப்பித் தந்த மூன்று வீடுகளுக்கும் தொலைபேசி போட்டார். என்ன ஏது என்று கேட்க மாட்டார். வேறு விதமாக ஆரம்பிப்பார். "வணக்கங்க. தப்பு உங்க மேல இல்ல, எங்க மேலதான். அவன் என்ன பண்ணான்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்." அவ்வளவுதான். பிறகு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். எதிர்ப்பக்கம் முதலில் 'ஒண்ணுமில்லீங்க' என்று வரும். அக்கா அப்போதும் சும்மா இருப்பார். அப்புறம் அணை உடைந்த மாதிரி கொட்டும்.

முதல் வீட்டுக்காரர் வீட்டிலேயே பாட்டு வகுப்பு எடுப்பவர். அறைக் கதவைச் சாத்தினால் வெளியிலிருந்து நாயும் சேர்ந்து பாடியதாம். இரண்டாவது, ஆறு பேருக்கு ஒரே குளியலறை உள்ள வீடு. யார் உள்ளே போனாலும் அவர்கள் வெளியே வரும்வரை கச்சேரி. மூன்றாவது, புதிதாகக் கல்யாணமானவர்கள். அந்தப் பெண் வெகுநேரம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கதவச் சாத்தவே விடமாட்டேங்கறான்."

"புரியுதும்மா, புரியுது," என்று அக்கா ரொம்ப மரியாதையாக எழுதிக்கொண்டார். தொலைபேசியை வைத்த பிறகு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எதிரும் புதிருமாக உட்கார்ந்த ஐந்து மாதத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

சிரிப்பு அடங்கியதும் எனக்கு உறைத்தது. எங்கள் கூண்டுகள் எல்லாம் கம்பி வலை. உள்ளே இருந்தாலும் எதிரில் நடக்கிறவர்கள் தெரிவார்கள். சாத்திய கதவு என்ற ஒன்றையே மாவீரன் எங்களிடம் பார்த்ததில்லை. அதனால்தான் சாது, சாது என்று நாங்கள் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தோம். அக்கா அவனை அலுவலகத்துக்குள் கூட்டி வந்து உட்காரவைத்துவிட்டு, தான் மட்டும் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மாவீரன் எழுந்தான். கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த சந்தில் மூக்கை வைத்தான். 'ஊஉஉ' என்று ஒரே இழுவையாக முனக ஆரம்பித்தான். பிறாண்டவில்லை, குரைக்கவில்லை. மூச்சு முடிந்தால் அடுத்த மூச்சில் தொடர்ந்தான். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணிநேரம் உள்ளே இருந்தார். அவன் ஒரு நொடி நிறுத்தவில்லை. அதற்குமேல் என்னால் தாங்க முடியாமல் நான்தான் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். திறந்ததும் அக்கா வெளியே வந்துவிட்டார், அவனும் அடங்கிவிட்டான்.

மறுநாள் கூண்டின் மேல் புது அட்டை தொங்கியது.

"மூன்று வீட்டிலிருந்து திரும்பி வந்தவன். குடைக்குப் பயப்படுவான். வீட்டுக்குள் ஒரு கதவைச் சாத்தினால் விடமாட்டான். வாசலில் உட்கார்ந்து, திறக்கும்வரை முனகுவான். அடித்தாலும் கெஞ்சினாலும் தீனி போட்டாலும் நிறுத்த மாட்டான். நேரம் பார்த்தோம்: அவன் தோற்கவில்லை, நாங்கள்தான் தோற்றோம்."

வந்தவர்கள் எல்லோரும் படித்தார்கள், சிரித்தார்கள், பக்கத்துக் கூண்டுக்குப் போனார்கள். மூன்று வாரம் இப்படியே போயிற்று. அக்கா தினம் காலையில் வந்ததும் அவன் கூண்டைத்தான் முதலில் பார்ப்பார். அவன் பின்சுவரைப் பார்த்தபடியே இருப்பான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் 'நான் அப்போதே சொன்னேன்' என்பதை முகத்திலேயே எழுதி வைத்திருந்தேன் என்று பிறகு டாக்டரம்மா சொன்னார்.

நான்காவது வாரம் ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்தார். சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர், விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். பூனைக்குட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுத்தான் வந்தார். குட்டிகள் பக்கம் போகும் வழியில் மாவீரனின் அட்டை முன்னால் நின்றார். படித்தார். சிரிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு அட்டையைக் கொக்கியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"இது நிஜமா?"

"எழுதிக் குடுத்திருக்கோமே," என்றார் அக்கா.

"திறக்கற வரைக்கும் நிறுத்தமாட்டானா? எவ்ளோ நேரமானாலும்?"

"முக்கால் மணி நேரம் நானே பாத்தேன். அதுக்கு மேல சாருக்குப் பொறுமை இல்ல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரே பொண்ணுங்க. பதினேழு வயசு. பரீட்சையில ஃபெயில் ஆயிடுச்சு. ரெண்டாவது தடவையும் போயிடுச்சு. கூடப் படிச்சதுங்க எல்லாம் காலேஜ் போயிடுச்சுங்க. அன்னிக்கு ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்துனவதான். அஞ்சு மாசம் ஆச்சு. அவ அம்மா தட்ட வாசல்ல வச்சுட்டு வந்துடுவா. யாரும் இல்லாதப்ப எடுத்துக்குவா. நாங்க கெஞ்சிப் பாத்தோம், திட்டிப் பாத்தோம். டாக்டர் ஒருத்தர் வீட்டுக்கே வந்து வெளிய நின்னு பேசிட்டுப் போனாரு. எல்லாருமே கொஞ்ச நேரத்துல நிறுத்திடறோங்க. மனுசங்கதானே."

அவர் சட்டைப் பையிலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

"ஊர்ல எந்த லிஃப்ட் மாட்டிக்கிட்டாலும் என்னதான் கூப்பிடுவாங்க. உள்ள இருக்கறவங்க பயந்து கத்துவாங்க, பத்து நிமிசத்துல திறந்துடுவேன். என் வீட்டுக் கதவத் திறக்கத் தெரியல. கழட்டிப் போட்டுடலாம், எனக்கு அது ஒரு வேலையே இல்ல. ஆனா கழட்டக் கூடாதில்ல? அவளே திறக்கணுமில்ல?"

என் பழைய அட்டைகளில் ஒன்றாவது இந்த மனிதரை இந்த நாற்காலிக்குக் கொண்டுவந்திருக்குமா என்று நினைத்தேன். வசந்தமும் அரண்மனையும் இவருக்கு எதற்கு?

அக்கா அவசரப்படவில்லை. "ஒண்ணு சொல்லிடறேன். இது மருந்து இல்ல, நாய். உங்க பொண்ணு திறப்பான்னு நான் கேரண்டி தரமாட்டேன். முனகறத மட்டும்தான் தருவேன்."

"அது போதுங்க," என்றார் அவர்.

மாவீரன் பின்சுவரிலிருந்து எழுந்து, வாலை ஆட்டாமல், கடமைக்குப் போகிறவனைப்போல அவர் பின்னால் நடந்து அவருடைய கம்பெனி வேனில் ஏறினான். நான்காவது தடவையாயிற்றே, அவனும் எத்தனை முறைதான் சந்தோஷப்படுவான்.

இரண்டு வாரக் கெடு ஆரம்பமாயிற்று. அக்கா நாள்காட்டியில் எதையும் குறிக்கவில்லை; ஆனால் தொலைபேசி மணி அடித்தால் நான் எடுப்பதற்கு முன் அவர் கை நீண்டுவிடும். மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. ஏழாம் நாள் ஒன்றுமில்லை. நாமே கேட்டால் என்ன என்றேன். கூடாது என்றார். கேட்டால் அந்த மனிதர் நமக்காக ஒரு நல்ல பதிலைத் தேடிச் சொல்வார், நிஜத்தைச் சொல்லமாட்டார் என்றார். அந்த நாட்களில் அவர் இரண்டே அட்டைதான் எழுதினார். இரண்டையும் கிழித்துப் போட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு லிஃப்ட் கம்பெனி வேன் வாசலில் வந்து நின்றது. பின்கதவு திறந்து மாவீரன் குதித்தான். கழுத்துக் கயிறு தரையில் இழுபட எங்கள் படியேறி வந்தான்.

அக்காவின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றுவிட்டது. என் நிலைமையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கணம், கண் இமைக்கும் நேரம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று. அடுத்த கணமே அந்த நாயின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. அந்த ஒரு கண அற்பத்தனத்துக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். கொட்டகையின் சாவி என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். மாவீரன் வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்தும் அல்ல. படிப்பக்கம் திரும்பி நின்று ஆட்டிக்கொண்டிருந்தான்.

படியேறி ஒரு பெண் வந்தாள். அப்பாவின் பெரிய சட்டை, வாரி நாளான தலை, வெயில் பழகாத கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். கயிற்றைக் குனிந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் லிஃப்ட் மெக்கானிக். அவர் எங்களைப் பார்த்து 'ஒண்ணும் பேசாதீங்க, ஒண்ணும் பேசாதீங்க' என்று இரண்டு கையையும் ஆட்டினார். அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. துடைக்கவும் மறந்திருந்தார்.

பெண் என் மேசையைப் பார்த்தாள், அக்கா மேசையைப் பார்த்தாள்.

"அட்டை எழுதறது யாரு?"

"நான்தாம்மா," என்றார் அக்கா.

"அதுல ஒண்ணு விட்டுப்போச்சு." குரல் கரகரவென்று இருந்தது, ரொம்ப நாள் உபயோகிக்காத குரல். "கம்ப்ளெயின்ட் பண்ணணும்."

நானாக இருந்தால் ஓடிப்போய் அவள் தலையைத் தடவி, கண்ணே மணியே என்று ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். அக்கா அப்படி எதுவும் செய்யவில்லை. இழுப்பறையைத் திறந்தார். புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேனாவைத் திறந்தார். இருபத்து மூன்று வருடம் ஹீட்டர்காரர்களுக்குச் செய்ததை அப்படியே செய்தார்.

"உக்காரும்மா. தப்பு எங்க மேலதான். அவன் என்ன பண்ணான்னு சொல்லு, எழுதிக்கறேன்."

பெண் உட்கார்ந்தாள். மாவீரன் அவள் காலடியில் படுத்தான்.

"கதவச் சாத்துனா முனகுவான்னு போட்டிருந்தீங்க. சரி. முனகினான். நாலு நாள். ராத்திரி பகல் பாக்காம. நான் காதுல தலகாணிய வச்சுக்கிட்டேன். அஞ்சாவது நாள் தாங்க முடியாம திறந்தேன். உள்ள வந்து தொலைன்னு."

"ம்."

"வரமாட்டேங்கறான்." அவள் குரல் உயர்ந்தது. நிஜமான கோபம். "திறந்தா நிறுத்திடறான். ஆனா உள்ள வரமாட்டேங்கறான். வாசல்லயே குறுக்க படுத்துக்கறான். கூப்பிட்டேன். பிஸ்கட் காட்டினேன். இழுத்துக்கூடப் பாத்தேன், கல்லு மாதிரி கிடக்கறான். உள்ள வரவே மாட்டானாம். அவனத் தொடணும்னா நான்தான் வெளிய வந்து உக்கார வேண்டியிருக்கு. ஹால்ல. எல்லார் முன்னாடியும். தினம். இத ஏன் எழுதல?"

எனக்கு அந்த முக்கால் மணிநேரம் ஞாபகம் வந்தது. நான் கதவைத் திறந்ததும் அக்கா வெளியே வந்துவிட்டார். உள்ளேயே இருந்திருந்தால் இவன் போயிருப்பானா என்று நாங்கள் பார்க்கவே இல்லை.

அக்கா ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினார். பெண் "ஆமா" என்று தலையாட்டினாள்.

"புகார் நியாயமானது," என்றார் அக்கா. அவர் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் குரல் மட்டும் கவுன்ட்டர் குரல்தான். "நாங்க பாக்காம விட்டது. என்ன செஞ்சு தரணும்? வேற நாய் மாத்தித் தரவா? இல்ல, இவனத் திருப்பி எடுத்துக்கவா?"

பெண் கயிற்றை இன்னும் ஒரு சுற்று கையில் சுற்றினாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"ரெண்டும் வேணாம். எழுதிடுங்க, அவ்ளோதான். அடுத்தவங்க ஏமாறக் கூடாதில்ல."

"அடுத்தவங்களா?" என்றார் அக்கா. "அப்படி யாரும் இல்லம்மா. இனிமே இது உன் நாய்."

அவள் குனிந்து மாவீரனின் மடிந்த காதை நிமிர்த்திவிட்டாள். அது மறுபடி மடிந்தது. அதைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"இன்னும் ரெண்டு மூணு கம்ப்ளெயின்ட் இருக்கு. நாளைக்கு வந்தா எழுதிக்குவீங்களா?"

"பத்து மணிக்குத் திறப்போம்," என்றார் அக்கா. "நான் இங்கதான் இருப்பேன்."

லிஃப்ட் மெக்கானிக் போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார், அக்கா கையைப் பிடித்துக் குலுக்கினார், சத்தம் கேட்டு வந்து நின்ற டாக்டரம்மா கையையும் குலுக்கினார், கூண்டு கழுவுகிறவரின் ஈரக் கையையும் விடவில்லை. வேன் போகும்வரை நாங்கள் நால்வரும் வாசலிலேயே நின்றோம். முன்சீட்டில் ஜன்னலுக்கு வெளியே ஒரு நிமிர்ந்த காது தெரிந்தது. கூண்டு கழுவுகிறவர் விசில் அடித்தார். டாக்டரம்மா கைதட்டினார். அறுபது வயதை எட்டிப் பிடிக்கப்போகிற நான் வாசலில் நின்று, கல்யாண வீட்டில் பிள்ளைகள் குதிப்பதுபோல இரண்டு குதி குதித்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

உள்ளே வந்ததும் நான் செய்த முதல் வேலை, விதிப் புத்தகத்தை எடுத்து அந்த மூன்று முறை விதியை அடித்ததுதான். என் கையால் எழுதியதை என் கையாலேயே அடித்தேன். பிறகு கொட்டகைச் சாவியை டாக்டரம்மாவிடம் கொடுத்து, இனி அங்கே தீவன மூட்டையை வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

அக்கா மாவீரனின் பழைய அட்டையை என் முன் வைத்தார். பேனாவையும் நீட்டினார்.

"நீங்களே சேத்துடுங்க சார். எனக்கு இன்னிக்கு எழுத்து கோணும்."

நான் எழுதினேன். "கதவைத் திறந்தாலும் உள்ளே வர மாட்டான். நீங்கள்தான் வெளியே வர வேண்டும்."

அந்த அட்டை இப்போது எந்தக் கூண்டின் மேலும் இல்லை. என் மேசைக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பதினெட்டு வருடத்தில் என் கையெழுத்தில் இருக்கிற மிக நல்ல வரி அதுதான். அதையும் சொன்னவள் அந்தப் பெண்.